ஒரே தரவரிசை, பல வரிசைகள்: சட்டப் படிப்புச் சேர்க்கை வாய்ப்பைக் கணித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் 2024–25 கல்வியாண்டில் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் படித்த மாணவி ஒருவர், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேர விரும்பினார். தந்தை பேருந்துக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். தாய், வீட்டுப் பயன்பாட்டுத் துணிகளை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் தையல் வேலை பார்ப்பவர். குடும்பத்தில் இதற்கு முன் எவரும் சட்டம் படித்ததில்லை. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஆண்டு வருமானம் மூன்று இலட்சத்துக்குள். பள்ளியின் உயர்கல்வி வழிகாட்டுதல் பணிக்குத் தன்னார்வலராக உதவி வந்த எனக்கு அம்மாணவியின் விவரங்கள் 2024 ஆகஸ்டில் வந்து சேர்ந்தன. அதிலிருந்து அவர் கல்லூரியில் சேர்ந்தது வரையிலான முடிவுகளும், அவற்றின் காரணங்களும், நடந்தவையும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன.

அவருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, கிளாட் எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு வழியாகத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வது. தமிழ்நாட்டில் அவ்வகையில் உள்ள ஒரே நிறுவனம் திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இரண்டாவது, சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளி. மூன்றாவது, அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்த அரசு சட்டக் கல்லூரிகள். பின்னிரண்டிலும் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கும். கிளாட்டில் நிலைமை நேர்மாறானது. பொதுப் பிரிவினருக்குப் பிளஸ் டூவில் 45 விழுக்காடு இருந்தால் போதும், அதற்கு மேல் பள்ளி மதிப்பெண்ணுக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. ஆகவே ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று உதவாத இரண்டு அளவுகோல்களுக்கு அவர் ஆயத்தமாக வேண்டியிருந்தது.

முதல் மதிப்பீடும் அதன் குறைகளும்

மாணவியின் கையில் ஏற்கெனவே ஓர் அட்டவணை இருந்தது. யூடியூப் காணொளிகளிலிருந்தும் பயிற்சி மையங்களின் விளம்பரத் தாள்களிலிருந்தும் தொகுத்த அந்த அட்டவணையில், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரேயும் ‘பாதுகாப்பான மதிப்பெண்’ என்று ஓர் எண் இருந்தது. தம் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணை அதனுடன் ஒப்பிட்டு, திருச்சி கிடைக்காது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். தலைமை ஆசிரியரோ, அரசுப் பள்ளி மாணவியாயிற்றே, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சீர்மிகு சட்டப் பள்ளி நிச்சயம் என்று நம்பினார். இரு கணிப்புகளையும் சரிபார்ப்பதே முதல் வேலையாயிற்று.

அட்டவணையின் முதற்குறை, அது மதிப்பெண்ணைப் பேசியது என்பதே. கிளாட் இளநிலைத் தேர்வில் 2020 முதல் 2023 வரையிலான சேர்க்கைகளுக்கு 150 வினாக்கள் இருந்தன. 2024 சேர்க்கையிலிருந்து 120 ஆயின. தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் கழியும். வினாத்தாளின் கடினமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 150க்கு எடுத்த மதிப்பெண்ணை விகிதம் போட்டு 120க்குச் சுருக்கினாலும் ஒப்பீடு சரியாகாது, ஏனெனில் மாணவர்கள் எவ்வளவு நெருக்கமாகத் திரண்டு நின்றார்கள் என்பது வினாத்தாளைப் பொறுத்தது. தரவரிசை எண் ஓரளவுக்கு ஒப்பிடத்தக்கது; அதுவும் தேர்வெழுதியவர் தொகை பெரிதாக மாறாதிருந்தால் மட்டுமே.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அந்த எண்கள் அனைத்தும் அகில இந்தியப் பொதுப் பிரிவுக்கானவை. திருச்சிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு. அவை வகுப்புவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. மாணவி நிற்கப்போகும் வரிசை அங்கே இருந்தது. அவர் பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்ததோ வேறொரு வரிசையை.

தலைமை ஆசிரியரின் நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 2021இல் இயற்றப்பட்ட சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டப் படிப்பையும் உள்ளடக்கியதே. ஆனால் அந்த முன்னுரிமைக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாணவி ஆறு முதல் எட்டு வரை படித்தது அரசு உதவி பெறும் பள்ளியில். ஊதியத்தை அரசு கொடுத்தாலும் அது அரசுப் பள்ளி ஆகாது. இதை முன்கூட்டியே அறிந்தது நல்லதாயிற்று என்றே கருதுகிறேன். கலந்தாய்வு மேசையில் தெரிய வந்திருந்தால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருந்திருக்காது.

பட்டியல்களைப் படித்த விதம்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் இட ஒதுக்கீட்டுப் பட்டியலை வெளியிடுகிறது. அவற்றில் தரவரிசை எண்ணும் ஒதுக்கப்பட்ட பிரிவும் இருக்கும். முந்தைய ஆண்டுகளின் பட்டியல்களில் திருச்சிப் பல்கலைக்கழகத்துக்குரியவற்றை எடுத்து, அதிலும் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குரிய வரிகளை மட்டும் பிரித்து, ஒவ்வோர் ஆண்டிலும் முதற்சுற்றில் கடைசியாக இடம் பெற்றவரின் எண்ணையும் இறுதிச் சுற்றில் கடைசியாக இடம் பெற்றவரின் எண்ணையும் மாணவியே ஒரு நோட்டில் எழுதினார். வேலை சலிப்பூட்டுவது என்றாலும், அவருடைய பார்வை மாறியது இந்த இடத்தில்தான். பொதுப் பிரிவு எங்கே முடிந்ததோ, அதற்கு வெகுதூரம் கீழே இந்தப் பிரிவு முடிந்திருந்தது. முதற்சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் இடையிலும் பெரிய நழுவல் இருந்தது.

அந்த நழுவலுக்குக் காரணம் உண்டு. முன்வரிசையில் இருப்பவர் ஒருவர் பெங்களூருவிலோ ஐதராபாத்திலோ இடம் கிடைத்து மேலே போனால், அல்லது தனித் தேர்வு நடத்தும் தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போனால், அல்லது கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்கினால், அவர் விட்ட இடம் கீழிறங்குகிறது. இத்தனை பேர் விலகுவார்கள் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இறங்கும் திசை உறுதி. எவ்வளவு இறங்கும் என்பது உறுதியன்று.

இன்னொன்றும் நோட்டில் வெளிப்பட்டது. ஒரு பிரிவுக்கான இடங்கள் சிலவாக இருக்கும்போது, கடைசி எண் ஓர் ஆண்டிலிருந்து மற்றோர் ஆண்டுக்குத் தாவிக் குதிக்கிறது. ஒரே ஒருவர் சேர்வதும் சேராததும் எல்லையை ஆயிரக்கணக்கில் நகர்த்திவிடும். ஆகவே சராசரி எடுப்பதைத் தவிர்த்தோம். மூன்று பெட்டிகள் மட்டும் வரையப்பட்டன: எல்லா ஆண்டுகளிலும் முதற்சுற்றிலேயே கிடைத்திருக்கும் எண் என்றால் ‘உறுதி’, ஏதேனும் ஓராண்டின் இறுதிச் சுற்றிலாவது கிடைத்திருக்கும் என்றால் ‘ஐயம்’, எந்த ஆண்டிலும் கிடைத்திருக்காது என்றால் ‘அரிது’. விழுக்காட்டில் வாய்ப்பைச் சொல்லும் இணையக் கணிப்பான்களை நாடவில்லை. மூன்று நான்கு ஆண்டுத் தரவிலிருந்து ‘63 விழுக்காடு வாய்ப்பு’ என்று சொல்வது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகும்.

விண்ணப்பமும் சான்றிதழ்களும்

கிளாட் விண்ணப்பத்தில் மாநில ஒதுக்கீட்டை அப்போதே கோர வேண்டும். மாணவியிடம் மத்திய அரசு வடிவத்தில் பெற்ற ஓ.பி.சி. சான்றிதழ் ஒன்று இருந்தது; அதுவே எல்லாவற்றுக்கும் போதும் என்று குடும்பத்தார் எண்ணியிருந்தனர். அது அகில இந்திய ஓ.பி.சி. இடங்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பயன்படும்; வருமான வரம்புக்கு உட்பட்டது என்பதால் புதுப்பிக்கவும் வேண்டும். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு மாநில அரசின் சாதிச் சான்றிதழும், மாநிலத்தவர் என்பதற்கு இருப்பிடச் சான்றிதழும் தேவை. மாநில ஒதுக்கீட்டில், வசதி படைத்தோரை விலக்கும் கிரீமி லேயர் என்ற பாகுபாடு இல்லை. இருப்பிடச் சான்றிதழுக்குச் செப்டம்பரிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து கையில் கிடைத்த பிறகே, 4,000 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பம் நிறைவு செய்யப்பட்டது. மாநிலம், பிரிவு ஆகிய இரு கட்டங்களையும் நிரப்பாமல் விட்டிருந்தால், நோட்டில் எழுதிய வரிசையில் அவர் நின்றிருக்கவே முடியாது.

நேரத்தைப் பங்கிட்ட முடிவு

கிளாட் தேர்வு 2024 டிசம்பர் 1. அரையாண்டுத் தேர்வு அதே மாதத்தில். பொதுத் தேர்வு 2025 மார்ச் 3இல் தொடக்கம். நவம்பர் முழுவதையும் கிளாட்டுக்கே ஒதுக்க மாணவி விரும்பினார். அதற்கு நான் உடன்படவில்லை. கிளாட்டில் அவருக்குத் திறந்திருந்தது ஒரே நிறுவனத்தின் ஒரு பிரிவு. அதுவும் ‘ஐயம்’ பெட்டியில் இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணோ சீர்மிகு சட்டப் பள்ளியையும் எல்லா அரசுச் சட்டக் கல்லூரிகளையும் ஒருசேரத் தீர்மானிப்பது. எனவே பள்ளி நாள்களில் காலை நேரம் கணக்குப்பதிவியலுக்கும் பொருளியலுக்கும், மாலை ஒன்றரை மணி நேரம் மட்டும் கிளாட்டுக்கு என்று பிரிக்கப்பட்டது. கிளாட்டுக்குள்ளும் நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம் ஆகிய இரு பகுதிகளுக்கே முன்னுரிமை. இரண்டும் தலா 28 முதல் 32 வினாக்கள் கொண்டவை, ஏறக்குறைய பாதி மதிப்பெண் அங்கேயே உள்ளது. 10 முதல் 14 வினாக்களே உள்ள கணிதப் பகுதியில் வணிகவியல் மாணவிக்குச் சிரமம் இல்லை.

தேர்வு மையமாகத் திருச்சி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. முந்தைய இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்ததால், சென்னையில் மையம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாய் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தரவரிசையும் ஒரு கடிதமும்

டிசம்பர் 7இல் முடிவு வந்தது. மாணவியின் அகில இந்தியத் தரவரிசை ஐந்திலக்கத்தில் இருந்தது. எண்ணைப் பார்த்ததும் வீட்டில் ஏமாற்றம் பரவியது. நோட்டோ அதே எண்ணை ‘ஐயம்’ பெட்டியின் கீழ்ப்பகுதியில் வைத்தது. ஓராண்டின் இறுதிச் சுற்றில் மட்டும் இத்தகைய எண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது.

இதே காலத்தில், தனியார் பல்கலைக்கழகம் ஒன்று மாணவிக்கு இடம் ‘உறுதி செய்யப்பட்டதாக’க் கடிதம் அனுப்பி, பத்து நாள்களுக்குள் முன்பணம் கட்டுமாறு கேட்டது. தந்தை கடன் வாங்கிக் கட்டிவிடத் தயாராயிருந்தார். கையில் எதுவுமே இல்லாத டிசம்பரில் உறுதி என்ற சொல் எவ்வளவு ஈர்ப்புடையது என்பதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் மூன்றாவது வழி திறந்தே இருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துக்காட்ட முடிந்தது. மாணவியின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பார்த்தால், மாநிலத்தின் அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஏதேனும் ஒன்றில் இடம் கிடைக்காமல் போவதற்கு வழியே இல்லை. அங்கே ஐந்தாண்டுக்கும் ஆகும் கல்விக் கட்டணம் அந்த முன்பணத்தைவிடக் குறைவு. முன்பணம் கட்டப்படவில்லை.

வழக்கும் காத்திருப்பும்

வழக்கமான ஆண்டில் கிளாட் கலந்தாய்வின் முதற்பட்டியல் டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ வந்துவிடும். பிளஸ் டூ மதிப்பெண் தெரியுமுன்னரே பணம் கட்டி இடத்தைப் பிடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அந்த ஆண்டு அப்படி நடக்கவில்லை. விடைக் குறிப்பில் இரண்டு வினாக்களுக்கான விடைகள் தவறு என்று தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி டிசம்பர் 20இல் தீர்ப்பளித்தார், கலந்தாய்வு நின்றது. பிற உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளையும் உச்ச நீதிமன்றம் தில்லிக்கே மாற்றியது. ஏப்ரல் 23இல் வந்த அமர்வுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மே 7இல் மாற்றியமைத்தது. அதன்படி திருத்திய முடிவு மே 17இல் வெளியானது.

மாணவியின் எண் சில நூறு இடங்கள் பின்னுக்குப் போயிருந்தது. பெட்டி மாறவில்லை. தனிப்பட்ட முறையில் இக்குடும்பத்துக்கு அந்தத் தாமதம் ஒரு வகையில் உதவியாகவே அமைந்தது: மே 8இல் பிளஸ் டூ முடிவு வந்து, 600க்கு 548 என்ற எண் கையில் இருந்தபோதே கிளாட் கலந்தாய்வை எதிர்கொள்ள முடிந்தது. இரு வழிகளின் நாள்காட்டிகளும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவதை அடுத்து வரும் மாணவர்கள் எதிர்பார்க்கக் கூடாது.

விருப்ப வரிசை

கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போது பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். இடம் ஒதுக்கப்பட்டால் அதையே ஏற்று நிறுத்திக்கொள்வது ‘ஃப்ரீஸ்’, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது ‘ஃப்ளோட்’, விலகுவது ‘எக்ஸிட்’. ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்காமலும் விலகாமலும் இருந்தால் கலந்தாய்விலிருந்தே வெளியேற நேரும். முதலிரண்டுக்கும் பணம் கட்ட வேண்டும்.

தந்தையின் கருத்து வேறாக இருந்தது. “எங்காவது ஒரு எடத்துல கெடைக்கட்டுமுங்க சார், போறதா வேண்டாமாங்கிறத அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்றார். ஜபல்பூர், சோனிபட், அகர்தலா என்று எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னார். ஆனால் பிற மாநிலங்களிலும் உள்ளூர்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அங்கே மாணவி மாநிலப் பிரிவை இழந்து அகில இந்திய வரிசையில் நிற்க வேண்டும். நோட்டு அவற்றையெல்லாம் ‘அரிது’ என்றது. ஒருவேளை கிடைத்தாலும், ஆண்டுக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டும் செலவோடு அத்தனை தொலைவுக்கு அனுப்பும் எண்ணம் வீட்டில் இல்லை. சேர மாட்டோம் என்று தெரிந்த இடத்தைப் பட்டியலில் எழுதினால், ஒதுக்கீடு வந்ததும் பணமும் பதற்றமும்தான் மிஞ்சும். திருச்சியை முதலிலும், அதை அடுத்துத் தென்மாநிலங்களில் ஒன்றிரண்டையும் மட்டும் எழுதினார் மாணவி. திருச்சி கிடைத்தால் கல்விக் கடன் எவ்வளவு தேவைப்படும் என்று வங்கியில் முன்பே கேட்டு வைக்கப்பட்டிருந்தது.

சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பங்கள் மே மாதமே அனுப்பப்பட்டன. முன்னதற்குப் பிளஸ் டூவில் 70 விழுக்காடு என்ற அடிப்படைத் தகுதி உண்டு. அதில் சிக்கல் இல்லை; நோட்டிலும் அந்தப் பள்ளி ‘உறுதி’ என்றே எழுதப்பட்டிருந்தது. அங்கே நான்கு ஆனர்ஸ் படிப்புகள்: பி.ஏ., பி.பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ. ஆகியவற்றோடு எல்.எல்.பி. மாணவி பி.ஏ.வை முதலில் எழுதினார்.

முடிவு

திருச்சியிலிருந்து அழைப்பு வரவே இல்லை. சுற்றுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. அவருடைய பிரிவின் எல்லை அவர் நின்ற இடம் வரை இறங்கவில்லை. சீர்மிகு சட்டப் பள்ளியின் முதல் அழைப்பிலும் அவர் இல்லை. ‘உறுதி’ என்று எழுதப்பட்டிருந்த இடம் அது என்பதால், வீட்டில் ஏற்பட்ட கலக்கம் திருச்சி கைவிட்டபோது ஏற்பட்டதைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த அழைப்பில் பி.காம்., எல்.எல்.பி. ஆனர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. இதற்கிடையே திருச்சி அரசு சட்டக் கல்லூரியிலும் பி.ஏ., எல்.எல்.பி. படிப்பு கிடைக்கும் நிலை உருவாகியிருந்தது. கட்டணம், ஊருக்கு அண்மை, தாம் விரும்பிய பி.ஏ. பாடங்கள் என மூன்றும் திருச்சிக் கல்லூரியின் பக்கம் இருந்தன. மாணவி இரண்டு நாள் யோசித்து, உயர் நீதிமன்றம் இருக்கும் நகரில் படிக்க வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லிச் சென்னையைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காரணத்துக்கு நான் கொடுத்திருக்கக்கூடிய எடையைவிட அதிக எடையை அவர் கொடுத்தார். ஐந்தாண்டு படிக்கப்போகிறவர் அவர்.

கணிப்பும் நடந்ததும்

திருச்சிப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய ‘ஐயம்’ சரியாகவே இருந்தது. கிடைக்காமல் போனதால் கணிப்பு தவறாகிவிடவில்லை. அந்தப் பெட்டியின் பொருளே இரண்டுக்கும் இடம் உண்டு என்பதுதான். அங்கே இடம் கிடைத்திருந்தாலும் அதே பெட்டியில்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஆராய வேண்டியது சீர்மிகு சட்டப் பள்ளியைப் பற்றிய ‘உறுதி’யை. நோட்டில் பதிவாகியிருந்தது முந்தைய ஆண்டின் இறுதிக் கட் ஆஃப், அதுவும் நான்கு படிப்புகளில் மிகக் குறைந்தது எதுவோ அது. கிளாட்டுக்கு முதற்சுற்றையும் இறுதிச் சுற்றையும் பிரித்துப் பார்த்த அதே கை, இங்கே அதைச் செய்யவில்லை. நுழைவுத் தேர்வு இல்லாத இடம் எளிது என்ற பொதுவான எண்ணம் அதற்குக் காரணமாக இருக்கலாம். உண்மையில், பள்ளி மதிப்பெண்ணில் தரவரிசை போடும்போது ஒரே மதிப்பெண்ணில் பலர் குவிந்து நிற்பார்கள். அரை மதிப்பெண் வேறுபாடு பெருங்கூட்டத்தைத் தாண்டவும் தாண்டாமல் விடவும் செய்யும். அந்த நிறுவனத்தில் ஏதேனும் ஒரு படிப்பு கிடைக்கும் என்பது உறுதியாயிருந்தது. விரும்பிய படிப்பு முதல் அழைப்பிலேயே கிடைக்கும் என்பது உறுதியாக இல்லை. நோட்டில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன.

நேரப் பங்கீட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. நவம்பரில் முழுமூச்சாகப் படித்திருந்தால் கிளாட் எண் மேலேறித் திருச்சி கிடைத்திருக்கும் என்பது மாணவியின் எண்ணம். இருக்கலாம். அவ்வாறு செய்து 548 குறைந்திருந்தால், இரண்டாம் அழைப்பும் அவரைத் தாண்டிப் போயிருக்கும் என்பதும் அதே அளவுக்கு நடந்திருக்கக் கூடியதே.

மாற்றப்பட்டவை

பள்ளியின் நோட்டில் இப்போது ஒரு நிறுவனத்துக்கு ஒரு வரி என்ற முறை இல்லை. படிப்பு, பிரிவு, சுற்று ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பத்திகள் உள்ளன. மதிப்பெண் வழிச் சேர்க்கைக்கும் முதல் அழைப்பின் கட் ஆஃப் கிடைக்கும் ஆண்டுகளுக்கு அது பதிவு செய்யப்படுகிறது. ‘உறுதி’ என்ற சொல் முதற்சுற்று எண்ணைக் கொண்டு மட்டுமே எழுதப்படும்.

பதினோராம் வகுப்பின் இறுதியிலேயே ஆறாம் வகுப்பு முதலான பள்ளி விவரங்கள் சரிபார்க்கப்பட்டு, 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று குறிக்கப்படுகிறது. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களும் அந்தக் கோடை விடுமுறையிலேயே முடிக்கப்படுகின்றன. கிளாட் கலந்தாய்வு வழக்கமான டிசம்பர்–ஜனவரி நாள்காட்டிக்குத் திரும்பும் என்ற அடிப்படையில், திட்டமிடும் குடும்பங்களிடம் நவம்பரிலேயே கேட்கப்படும் கேள்வி ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது: பிளஸ் டூ முடிவு தெரியாத நிலையில் ‘ஐயம்’ பெட்டியிலுள்ள ஓரிடம் கிடைத்தால், அதற்குக் கட்ட வேண்டிய பணம் எங்கிருந்து வரும், பின்னர் அதை விட்டுவிட நேர்ந்தால் எவ்வளவு இழப்பைத் தாங்க முடியும். விடை எழுதப்பட்ட பிறகே விருப்ப வரிசை எழுதப்படுகிறது.